மேற்படிப்புக்கு ஒரு இஸ்திகாரா

புத்தளத்தில ஒரு பொம்பிளப் புள்ள எஞ்சினியரிங் படிச்சு முடிச்சு வீட்டுக்கு வந்தா, சனம் முதல்ல கேக்கிறது எங்க வேலையெண்டு இல்ல. "இன்னும் படிக்கவா போறீங்க?" எண்டுதான். கேக்கிற குரல்லயே பதிலும் இருக்கும், போதும் புள்ள, நிப்பாட்டுங்க எண்டு. நான் நிப்பாட்டல்ல. நிப்பாட்டிவச்சாங்க. இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்த இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஆக்களுக்கு விளங்கப்படுத்த வேண்டிக் கிடக்கு. அதுதான் எனக்குப் பத்திக்கொண்டு வாற விஷயம்.

சண்டை முடிஞ்சு கொஞ்ச வருஷத்தில நான் கம்பஸ் முடிச்சன். மலைநாட்டுப் பக்கம் இருக்கிற கம்பஸ், மின் பொறியியல். எங்கட குடும்பம் தொண்ணூறில இயக்கம் மன்னார்ல இருந்து வெளியேத்தின முஸ்லிம் குடும்பம். அப்ப நான் கைக்குழந்தை. கிடுகுக் கொட்டில்ல தவழ்ந்து, தகரக் கூரைக்குக் கீழ அ, ஆ எழுதி, கல்லு வீடு எழும்பின வருஷம் ஓஎல் சோதனை எடுத்தவள். இப்ப மதில் இருக்கு, கேட்டு இருக்கு, வாசல்ல பூச்சட்டி கூட இருக்கு. ஆனாலும் ஊர்ச் சனத்துக்கு எங்கட இடம் இண்டைக்கும் அகதிக் கேம்ப்தான். த்ரீவீல் காரனுக்கு வழி சொல்லேக்க நானே கேம்ப் எண்டு சொல்லிப்போட்டு என்மேலயே கோவப்பட்டிருக்கன்.

வீட்டில வாப்பா, உம்மா, நான், தம்பி. வாப்பாவுக்குச் சந்தியில ஒரு சில்லறைக் கடை. வாப்பா நல்ல மனிசன். எங்கட பக்கம் ஒரு ஆளை நல்ல மனிசன் எண்டு சொன்னா, மச்சான் இருக்கிற இடத்தில வாய் திறக்க மாட்டாங்க எண்டு அர்த்தம். அந்த மச்சான்தான் உம்மாட காக்கா, எங்கட பெரிய மாமா. ஊர் விட்டு வந்த நேரம் அந்தக் கூட்டத்துக்குள்ள எங்களுக்கு ஒரு துண்டுக் காணி பிடிச்சுத் தந்தவர் அவர்தான். பள்ளிவாசல் நிர்வாகத்திலயும் இருந்தார். அதனால எங்கட வீட்டில கோழிக்கூடு ஒண்டு அடிக்கிறதெண்டாலும் பெரிய மாமாட்ட ஒரு சொல்லுக் கேட்டுத்தான் ஆணி அடிப்பாங்க.

எனக்கு மேல படிக்கோணும் எண்டு வந்ததுக்குக் காரணம் உப்பு. களப்புப் பக்கம் காத்துக் காலத்தில உப்பு பறக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஜன்னல் கம்பி துருப்பிடிச்சு உதிரேக்கதான் தெரியும். அதே உப்பு கரண்ட் கம்பத்தில இருக்கிற பீங்கான்லயும் படியும். மழை நல்லாக் கொட்டினா கழுவிக்கொண்டு போயிடும், பிரச்சினை இல்ல. சும்மா ஒரு தூறல், இல்லாட்டி விடியக் காலத்துப் பனி, அதுதான் கேடு. உப்பு ஈரமாகி, கம்பியில ஓட வேண்டிய கரண்ட் பீங்கானுக்கு மேலால பாயும். சர் சர் எண்டு சத்தம் கேக்கும், பிறகு ஊரே இருட்டு. நாட்டுக்கே கரண்ட் எடுக்கிற பெரிய ஸ்டேஷன் இந்தக் கரையிலதான் வந்திச்சு. கல்பிட்டிப் பக்கம் காத்தாடிகளும் வரிசையா நட்டாங்க. அதெல்லாம் வந்தும் தூறல் விழுந்தா எங்கட வீட்டில குப்பி லாம்புதான். முதல்ல எனக்கு அது பெரிய அநியாயமாத் தெரிஞ்சுது. கம்பஸுக்குப் போன பிறகு அது ஒரு கணக்காத் தெரிஞ்சுது.

கடைசி வருஷ ப்ரொஜெக்ட் அதுதான் செஞ்சன். எனக்கு மேற்பார்வைக்கு வந்த சேர் சிங்கள மனிசன், வயசாளி, ஒரு ஆளைப் புகழ்ந்தா நாக்குக் கழண்டிடும் எண்டு நினைக்கிற சாதி. அவர் என்ட ப்ரொஜெக்டப் புரட்டிப் பாத்துப்போட்டு, இது பீங்கான்ட கதை இல்லையே பிள்ளை எண்டார். ஒரு லைன் விழுந்தா அதுட பாரம் அடுத்த லைனுக்குப் போகுது, அது தாங்காம விழுந்தா அதுக்கு அடுத்தது. எங்க தொடங்கி எங்க முடியுது, இடையில எதைப் பிடிச்சா நிக்கும், இதத்தான் நீர் கேக்கிறீர். இது மின் பொறியியலோட முடியிற கேள்வி இல்ல. இதுக்கு வேற படிப்பு இருக்கு எண்டார்.

அண்டைக்கு அவர்ட அறையில இருந்துதான் என்ட முன்னால என்னென்ன இருக்கெண்டு முதல் முதல் எனக்கு விளங்கிச்சு. மின் பொறியியல்லயே மாஸ்டர்ஸ் செய்யிறதெண்டா கொழும்பில சனி ஞாயிறு வகுப்பு. வேலையும் பாக்கலாம், பாடமும் சோதனையும்தான், ஆராய்ச்சியெண்டு பெரிசா ஒண்டும் இல்ல. எங்கட கம்பஸிலேயே நிண்டு கணினிப் பக்கம் எம்ஃபில் செய்யலாம். அவங்களுக்கு ஆள் தேவை, தற்காலிகமாப் படிப்பிக்கிற வேலையும் தருவாங்க. ஆனா அவங்கட விஷயத்தத்தான் செய்யோணும், அது ஃபோட்டோவில முகம் கண்டுபிடிக்கிற வேலை. எனக்கு முகத்தோட ஒரு கோவமும் இல்ல, ஆனா அதுக்காக நான் இரவு முழிக்க மாட்டன். மற்றது வெளிநாடு, சிஸ்டம்ஸ் எஞ்சினியரிங். மாஸ்டர்ஸயும் பிஎச்டியையும் சேத்தே எடுப்பாங்க. முதலாம் வருஷப் புள்ளைகளுக்குப் படிப்பிச்சுக் குடுத்தா எங்கட படிப்புக்குக் கட்டத் தேவையில்ல, சாப்பாட்டுக்கும் தருவாங்க. சேர் தெரிஞ்ச ஒரு ப்ரொஃபெசர் அங்க இதையேதான் செஞ்சுகொண்டு இருந்தார். எழுதிப் பாரும் எண்டார். எழுதினன். நுழைவுச் சோதனையும் எடுத்தன். இடம் கிடைச்சுது.

கிடைச்ச அண்டைக்கு எங்கட வீட்டில சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. உம்மா வட்டிலப்பம் அவிச்சாங்க. வாப்பா கடையில வாறவன் போறவனுக்கெல்லாம் டொஃபி குடுத்தாங்க. மகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போறா எண்டு வாப்பாவே வாயால சொல்லிச் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு பின்னேரம் வரைக்கும் இருந்திச்சு. பின்னேரம் பெரிய மாமா வந்தார்.

அவர் கதிரையில இருந்து, தேத்தண்ணிய ஒரு வாய் குடிச்சு, "என்ன படிப்பு?" எண்டார்.

"சிஸ்டம்ஸ் எஞ்சினியரிங் மாமா."

"சிஸ்டம் எண்டா கம்பியூட்டர்தானே. அத இங்கயே படிக்கலாமே. மெயின் வீதியில ரெண்டு இடத்தில போர்ட் போட்டிருக்கு."

நான் விளங்கப்படுத்தினன். லைன், பாரம், உப்பு எல்லாம் சொன்னன். மாமா தலையாட்டிக் கேட்டார். அவர் கெட்டவர் இல்ல. கேக்கிற மாதிரி இருக்கத் தெரிஞ்சவர். எல்லாம் கேட்டு முடிஞ்சு, "அப்ப கரண்ட் வேலைதான். கரண்ட் வேலைக்கு என்னத்துக்குக் கடல் தாண்டுற?" எண்டார். பிறகுதான் உண்மையான கதைக்கு வந்தார். தனியா ஒரு குமர்ப் புள்ள. மஹ்ரமா, கூடப் போக உறவு ஆம்பிளை யாரு? தம்பி சின்னவன், வாப்பாவுக்குக் கடை. கல்யாணத்த முடிச்சு மாப்பிள்ளையோட போகட்டும் எண்டா கூட வந்திருந்த மாமி. அப்படி ஒரு மாப்பிள்ளை கடைத் தெருவில தொங்குதா எண்டு கேக்க வாய் வந்திச்சு, அடக்கிக்கொண்டன். கடைசியில மாமா எழும்பி, தொப்பியச் சரிசெஞ்சு, "அல்லாஹ்ட்டக் கேப்பம். இஸ்திகாரா செய்வம். ஹைர் எண்டா போகட்டும்" எண்டார். எல்லாருக்கும் நிம்மதி. இனி யாரும் யாரோடயும் சண்டை பிடிக்கத் தேவையில்லையே.

எனக்கும் அது சரியாத்தான் பட்டுது. இஸ்திகாரா எண்டா, ஒரு விஷயத்தில முடிவெடுக்கத் தெரியாம நிக்கேக்க, ரெண்டு ரக்அத் தொழுது, இது எனக்கு நல்லதெண்டா இலேசாக்கு, கெட்டதெண்டா திருப்பிவிடு எண்டு கேக்கிறது. யாருக்குத் தேவையோ அவங்க செய்யோணும். கேட்ட பிறகு மனசு எங்க சாயுதோ அங்க போகலாம். கனவு காணோணும் எண்டு ஒரு சட்டமும் இல்ல, இத எனக்கு மத்ரசாவில படிப்பிச்ச ஹஸ்ரத்தே சொல்லித் தந்தவர். ஆனா எங்கட சனத்திட வழக்கம் வேற. வீட்டில தொழுகை பேணுற ஒரு பொம்பிளயச் செய்யச் சொல்லுவாங்க. அவங்க இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு தொழுது, ஒருத்தரோடயும் கதைக்காம வலப் பக்கம் சரிஞ்சு படுக்கோணும். காலையில கனவு சொல்லோணும். வெள்ளை, பச்சை தெரிஞ்சா ஹைர். கறுப்பு, சிவப்பு தெரிஞ்சா கூடாது. எத்தனையோ கல்யாணம் இந்தப் பக்கம் இப்படிக் கூடியிருக்கு, இப்படியே குலைஞ்சும் இருக்கு. அல்லாஹ்ட விஷயத்த நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டன். இந்தச் சனம் அதத் தூக்கித் தங்கட தலையணைக்குக் கீழ வச்சுக்கொண்டதத்தான் சொல்லுறன்.

எங்கட வீட்டில செய்யச் சொன்னது உம்மாவ. நானும் என்ட அறையில செஞ்சன், ஒருத்தருக்கும் சொல்லல்ல. முடிச்சு எழும்பேக்க மனசு தெளிவா இருந்திச்சு. போகோணும். அவ்வளவுதான். பயம் இருந்திச்சு, ஆனா அது சோதனைக்குப் போறத்துக்கு முந்தி வாற பயம், திரும்பிப் போகச் சொல்லுற பயம் இல்ல. நல்லா நித்திரையும் வந்திச்சு.

காலையில நான் வெளிய வரேக்க பெரிய மாமாவும் மாமியும் முன் அறையில இருந்தாங்க. பள்ளியில சுபஹுத் தொழுதுபோட்டு மாமா நேரா இங்க வந்திருக்கார், மாமியையும் கூட்டிக்கொண்டு. வாப்பா ஓரத்துக் கதிரையில. தம்பி பாய்ல கிடந்து கண்ணைத் திறந்தும் திறக்காமலும் பாத்துக்கொண்டு இருந்தான். உம்மா குசினிப் பக்கத்தால வந்து கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாங்க. முகம் வெளிறிப்போய் இருந்திச்சு.

"சொல்லுங்க தங்கச்சி" எண்டார் மாமா.

உம்மா ஒருத்தரையும் பாக்கல்ல. "தோணி ஒண்டு போகுது. மகள் அதுக்குள்ள இருக்கிறா. கரையில சனம் நிக்குது. நான் என்னமோ சொல்லப் பாக்கிறன், சத்தம் வருதில்ல."

"தண்ணி?" எண்டா மாமி.

"தண்ணி கறுப்புத்தான்" எண்டாங்க உம்மா.

மாமி வாயில கை வச்சா. மாமா கண்ணை மூடி எதையோ ஓதினார். பிறகு என்னைப் பாத்து, அன்பாத்தான் சொன்னார். அந்த அன்புதான் எனக்கு இண்டைக்கும் நெஞ்சில முள்ளு. "ஹைர் இல்ல மகள். கடல் தாண்டுறதுதான் காட்டியிருக்கு. அல்லாஹ் இங்கயே உங்களுக்கு நல்லது வச்சிருக்கான். சபுர் செய்யுங்க, பொறுங்க."

"நானும் இஸ்திகாரா செஞ்சன் மாமா" எண்டன்.

"கனவு கண்டீங்களா?"

"இல்ல."

"அப்ப?" எண்டார்.

அந்த அப்பவுக்கு என்னட்டப் பதில் இருந்திச்சு. மனசு சாயிறதுதான் பதில் எண்டு ஹஸ்ரத் சொன்னதச் சொன்னன். மாமா சிரிச்சார். குமர்ப் புள்ளைட மனசு வெளிநாட்டுப் பக்கம் சாயாம வேற எங்க சாயும் எண்டார். வாப்பாவப் பாத்தன். வாப்பா தம்பிட பாயச் சுருட்டத் தொடங்கினாங்க, அவன் அதுக்கு மேல கிடக்கேக்கயே.

கூடப் படிச்ச ஒருத்தி பிறகு கேட்டா, ஏன்டி, சொல்லாமக் கொள்ளாமப் போயிருக்கலாமே, உனக்கென்ன பத்து வயசா எண்டு. அவ கொழும்பில நாலு தலைமுறையா ஒரே வீட்டில இருக்கிற குடும்பம். எங்கட உம்மாமாரை விட்டுப்போட்டு ஓடுறதெண்டா என்னெண்டு அவளுக்குத் தெரியாது. ஒரு தரம் எல்லாத்தையும் விட்டுப்போட்டு வந்த சனம் அது. கதவைப் பூட்டித் திறப்ப எடுத்துக்கொண்டு வந்து, அந்தத் திறப்ப இண்டைக்கும் அலுமாரிக்குள்ள வச்சிருக்கிற சனம். அதுகளிட்ட இருந்து இன்னொண்டப் பறிச்சுக்கொண்டு போக எனக்கு ஏலாமப் போச்சு. ப்ரொஃபெசருக்கு எழுதினன், குடும்பக் காரணம் எண்டு. அவர் அடுத்த வருஷத்துக்கு இடத்தை வைக்கிறன் எண்டார். அடுத்த வருஷமும் வீட்டில அதே கறுப்புத் தண்ணிக் கதைதான். பிறகு அவர் எழுதல்ல. நானும் எழுதல்ல.

மாமா சொன்ன மாதிரி இங்க வச்சிருந்த நல்லதையும் சொல்லிப்போடுறன். எம்ஃபில் எண்டு கேட்டுப் பாத்தன். முடிச்ச கம்பஸுக்கே திரும்பப் போனா, புள்ள இன்னும் பாஸாகல்லையா எண்டு சனம் கேக்கும் எண்டு மாமி சொன்னா. உண்மையா அதத்தான் சொன்னா. அது அத்தோட முடிஞ்சுது. கொழும்பு மாஸ்டர்ஸ் மட்டும் ஓம் எண்டாங்க, வாப்பா கூடப் போறதெண்டா. வாப்பா வந்தாங்க. சனிக்கிழமை இருட்டோட பஸ் ஏறி, சிலாபம் தாண்டித்தான் விடியும். நான் வகுப்பில இருக்கிற நேரமெல்லாம் வாப்பா கன்டீன் வாங்குப் பலகையில இருந்து பழைய பேப்பர் வாசிச்சாங்க. காவல்கார ஐயாவோட சிங்களத்தில நல்ல கூட்டு. இரவு பெரியும்மாட மகள்ட வீட்டில முன் அறையில ரெண்டு பாய். மற்றப் பொடியன்மார் வகுப்பு முடிஞ்சு கூட்டமா இருந்து கணக்குச் செய்யேக்க நான் எழும்பி ஓடோணும், வாப்பா வெளிய நிக்கிறாங்க எண்டு.

முதல் அரையாண்டு நல்லா செஞ்சன். ரெண்டாவதில வாப்பாட முழங்கால் வீங்கிச்சு. தம்பியை அனுப்பினாங்க. அவனுக்கு அப்ப பள்ளிக்கூடக் கடைசிச் சோதனை ஏஎல் முடிஞ்ச திமிர், சனிக்கிழமையில மெட்ச் இருக்கு. ஒரு கிழமை வருவான், மறு கிழமை வயித்துக் குத்து. அவன் வராத கிழமை நானும் போக ஏலாது. ஆய்வுகூட வகுப்பு விடுபட்டா சோதனைக்கு விட மாட்டாங்க. விடல்ல. அத்தோட அதுவும் போச்சு. ஆணொருத்தன் பக்கத்தில பஸ் சீட்டில இருக்கிறதில தொங்கிக்கொண்டு இருந்த படிப்பு அது. அவன் எழும்பினதும் விழுந்திச்சு.

மாப்பிள்ளையும் வந்தாங்க. வராம இருப்பாங்களா? எஞ்சினியர் ஒருத்தர்ட உம்மா என்னைப் பாத்து, "மாஸ்டர்ஸ் செஞ்சிருக்கிறாவா?" எண்டு கேட்டா. இல்ல எண்டதும் அவட முகத்தில ஒரு தெளிவு வந்திச்சு பாருங்க. "நல்லது, மகனும் இன்னும் செய்யல்ல" எண்டா. பிறகு அவங்களுக்கு ஒரு டீச்சர் பொருந்திச்சாம். எனக்கு அதில கவலை இல்ல. சபுர் செய், எல்லாம் எழுதின நஸீப் எண்டு ஆறுதல் சொல்ல வந்த ஆக்கள்தான் எரிச்சல். இப்ப ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில பொடியன்மாருக்கு வயரிங் படிப்பிக்கிறன். நல்ல புள்ளைகள். படிச்சு முடிச்சதும் கட்டாருக்குப் போறானுகள். போயிட்டு வாறன் மிஸ் எண்டு சொல்லிப்போட்டு, ஒரு பெட்டியத் தூக்கிக்கொண்டு, அவ்வளவு இலேசா. அந்த ப்ரொஃபெசர்ட பக்கத்த இடைக்கிடை இன்டர்நெட்டில பாப்பன். எனக்கு வச்சிருந்த இடத்துக்கு வந்த புள்ள, கடற்கரை லைன்கள்ல உப்பால வாற கரண்ட் தடையப் பத்தி எழுதிப் பட்டம் எடுத்திருந்திச்சு. உட்கார்ந்து முழுக்க வாசிச்சன். நல்லா எழுதியிருந்திச்சு. பொறாமையா எண்டு கேட்டா, ஓம், பொறாமைதான். அந்தப் புள்ள எங்கட காத்தை ஒரு நாளாவது கண்டிருக்குமா?

இத்தனைக்கும் பிறகு தம்பிக்கு இடம் கிடைச்சுது. அவன் கொழும்பில ஒரு தனியார் இடத்தில கம்பியூட்டர் படிச்சு, ரெண்டு வருஷம் வேலையும் செஞ்சு, வெளிநாட்டில மாஸ்டர்ஸுக்குப் போட்டிருந்தான். எல்லாத்தையும் என்னட்டத்தான் கேட்டான். ராத்தா, மின்னும் கம்பியூட்டரும் ஒரே டிபார்ட்மென்ட் எண்டு போட்டிருக்கே, பிறகு சிஸ்டம்ஸ் பக்கம் மாறலாமா? பாடம் மட்டும் எடுத்து முடிக்கிறதா, ஆய்வு எழுதுறதா? நான் இருந்து ஒவ்வொண்டாச் சொன்னன். ஆய்வு எழுது, கஷ்டம்தான், ஆனா பிறகு பிஎச்டிக்குக் கதவு திறந்திருக்கும் எண்டன். அவன் கெட்டிக்காரன், என்னில பாசமும் உள்ளவன். சனிக்கிழமை மெட்ச் எல்லாம் அவனுக்கு ஞாபகமே இல்ல.

அவன் போறத்துக்கு முந்தின நாள் வீட்டில சஹன் சாப்பாடு. சொந்தக்காரர் எல்லாம் வந்து, தட்டுத் தட்டாச் சுத்தி இருந்து சாப்பிட்டு, அவனுக்கு துஆக் கேட்டு அனுப்புற ஏற்பாடு. முன் அறையில ஆம்பிளைகள். பெரிய மாமா இப்ப தடி ஊண்டித்தான் நடக்கிறார், ஆனா குரல் அப்படியே இருக்கு. நானும் உம்மாவும் குசினியில வெங்காயம் உரிச்சம். கல்பிட்டிச் சின்ன வெங்காயம், உரிச்சு முடியாது. பாதியிலயே என்னால கேக்காம இருக்க ஏலாமப் போச்சு.

"உம்மா, தம்பிக்கு இஸ்திகாரா செய்யல்லையா?"

உம்மா நிமிந்தும் பாக்கல்ல. "ஆம்பிளப் புள்ளைக்கு என்னத்துக்கு?"

"எனக்குச் செஞ்சீங்களே. அவன் தாண்டுறதும் அதே கடல்தானே. இவனுக்குத் தண்ணி கறுப்பில்லையா?"

நான் குத்திக் காட்டத்தான் கேட்டன். ஒளிக்க ஒண்டுமில்ல. உம்மா கத்தியக் கீழ வச்சாங்க. முந்தானையால கண்ணைத் துடைச்சாங்க, வெங்காயம்தான் எண்டு நினைச்சன்.

"மகள், அண்டைக்கு நான் எங்க நித்திர கொண்டன்?"

எனக்கு விளங்கல்ல. உம்மா மெல்லச் சொன்னாங்க, முன் அறைக்குக் கேட்டிடும் எண்ட பயத்தில. "தொழுதன், படுத்தன். கண் மூடினாத்தானே கனவு வாறதுக்கு? விடியும் வரைக்கும் முழிச்சுக்கொண்டுதான் கிடந்தன். எழும்பி வந்து பாத்தா காக்காவும் மயினியும் வந்து இருக்காங்க. எல்லாரும் என்ட வாயைப் பாத்துக்கொண்டு இருக்காங்க. பள்ளியில இருந்து நேரா நடந்து வந்திருக்கார் மனிசன். ஒண்டுமே காணல்ல எண்டு எப்படிச் சொல்லுற?"

"அப்ப அந்தத் தோணி?"

"அது நாங்க வந்த தோணி" எண்டாங்க உம்மா. "நீ போகப் போறாய் எண்டதில இருந்து எனக்கு அதுதான் கண்ணுக்குள்ள நிண்டுது. மன்னார்ல இருந்து கல்பிட்டிக்கு ஏத்திக்கொண்டு வந்தாங்களே, அந்தத் தோணி. நீ என்ட மடியில. கரையில பக்கத்து வீட்டு ஆக்கள் நிண்டு அழுதாங்க, சேர்ச்சுக்குப் போற வேதக்காரச் சனம், நல்ல சனம். போயிட்டு வாறம் எண்டு சொல்ல வாய் எடுத்தன், சத்தமே வரல்ல. மழைக் காலம்தானே, தண்ணி கறுப்பாத்தான் இருந்திச்சு. மயினி தண்ணியக் கேட்டா. இருந்ததத்தான் சொன்னன்."

நான் கையில இருந்த வெங்காயத்தப் பாத்துக்கொண்டு இருந்தன். எனக்கு நடக்கப் போகுதெண்டு இந்த வீடே நம்பி என்னைக் கட்டிவச்சது, எனக்கு எப்பவோ நடந்து முடிஞ்ச ஒண்டு. அந்தத் தண்ணியத் தாண்டித்தான் நான் இந்தக் கரைக்கே வந்து சேந்தன்.

"ஏன் உம்மா ஒரு நாளும் சொல்லல்ல?" எண்டன். "இவ்வளவு வருஷம்."

உம்மா திரும்பவும் கத்திய எடுத்தாங்க. "நான் போகக் கூடாதெண்டு சொன்னேனா? தோணியெண்டன், தண்ணியெண்டன். அர்த்தம் சொன்னது காக்காதானே. நான் ஒண்டும் சொல்லல்லையே மகள்."

முன் அறையில பெரிய மாமா துஆ ஓதத் தொடங்கினார். இந்தப் புள்ளைட பயணத்த இலேசாக்கு யா அல்லாஹ், இவன்ட கல்வியில பரக்கத்தைக் குடு, கடல் தாண்டிப் போற இடத்தில இவனைப் பாதுகாத்துக்கொள். ஒவ்வொண்டுக்கும் ஆம்பிளைகள் ஆமீன் எண்டாங்க. உம்மா வெங்காயத் தோல் ஒட்டின கையோட ரெண்டு கையையும் ஏந்தி, அழுதுகொண்டே ஆமீன் சொன்னாங்க. தம்பிக்காகவெண்டாவது நானும் சொல்லியிருக்கோணும். எனக்கு வாய் வரல்ல.